குருட்டுக் கப்பலின் துபாஷி

புகை கண்ணுல அடிக்குதா? இந்தப் பக்கம் வந்துடுங்க. என் பெட்டி மேலயே உக்காரலாம், தகரப் பெட்டிதான், ஒண்ணும் ஆவாது. நாகப்பட்டணம் போய்ச் சேர்ற வரைக்கும் நமக்கு இந்தப் புகைக்கப்பலோட மேல்தட்டுதான் வீடு. இன்னும் நங்கூரமே தூக்கல. பினாங்க நல்லாப் பாத்துக்கங்க, அது பாட்டுக்கு நிக்கும்.

என்ன, அந்தக் கப்பலையா பாக்குறீங்க? புதுசா வர்றவங்க எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. கீழ பாத்தா வெள்ளைக்காரன் கப்பல், மேல பாத்தா சீனாக்காரன் கப்பல். அதுக்கு லோர்ச்சான்னு பேரு. சீனாக் கரையில மக்காவுன்னு ஒரு ஊரு, போர்த்துகீசுக்காரன் ஆளுற ஊரு, அங்க கட்டுறது. உடம்பு போர்த்துகீசு மாதிரி. பாய்மரமும் பாயும் சீனா மாதிரி. பாயில குறுக்கக் குறுக்க மூங்கில் வெச்சுத் தச்சிருக்கு பாருங்க. கயித்த விட்டா மளமளன்னு மடிஞ்சு கீழ வந்துடும், நாம படுக்குற பாயச் சுருட்டுற நேரம்கூட ஆவாது. அந்தக் கப்பல்ல மேலயும் கீழயும் இன்னிக்கு ஒண்ணா நிக்குதுன்னா அதுக்கு நான்தான் காரணம். துறைமுகத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க. கேட்டா சிரிப்பாங்க, அது வேற விஷயம்.

என் பேரு தைரியநாதன். பினாங்குல சுல்தான் மரைக்காயர் கடையில வேலை. அரிசி, வெங்காயம், கொட்டப்பாக்கு. எனக்கு மலாய் நல்லா வரும். கடைவீதியில நின்னு பழகுன மலாய், அதனால விலை பேசுறதுன்னா என்னைய யாரும் அசைக்க முடியாது. போர்த்துகீசும் வரும். எங்க ஊர்ல, எங்க தெருவுலயே, பழைய போர்த்துகீசுக் குடும்பங்க ரெண்டு இருந்துச்சு. கோயில்ல அவங்க பாஷையில ஜெபம் சொல்லுவாங்க. சின்ன வயசுலேருந்து கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம். நரகத்துக்கு என்ன வார்த்தை, பாவத்துக்கு என்ன வார்த்தை, எதக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஒரு நாள் மரைக்காயர் கூப்பிட்டு அனுப்புனார். என்னைய 'தைரியம்'னுதான் கூப்பிடுவார்.

"தைரியம், நம்ம அரிசிய அந்த லோர்ச்சாவுல வடக்க தோங்காத் தீவுக்கு அனுப்புறேன். திரும்பும்போது அங்கேருந்து வெள்ளீயம் ஏத்திக்கிட்டு வரணும். ஆனா கப்பித்தானும் தைக்கோங்கும் பேசிக்கிறதில்லையாம். நீ போய் நடுவுல இரு" அப்படின்னார்.

தைக்கோங்னா பாய்மரம் நடத்துற சீனப் பெரியாளு. பேசிக்கிறதில்லன்னா என்ன அர்த்தம்? ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குத் தெரியல. எனக்குப் பட்டுன்னு புரிஞ்சிடுச்சு. மரைக்காயர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். "எல்லாம் புரிஞ்சுது முதலாளி, நீங்க கவலைய விடுங்க"ன்னு கெளம்பிட்டேன். நான் அரைகுறையாக் கேக்குறவன் இல்ல. ஒரு வார்த்தையிலயே புடிச்சிக்குவேன்.

கப்பித்தான் பேரு இனாசியு. எங்க ஊரு வழக்குல இஞ்ஞாசி. தாடி வெச்ச கனத்த மனுஷன், கழுத்துல சிலுவை. தைக்கோங் பேரு ஆ ஹோய். ஒல்லி, தலையில நரைச்ச ஜடை, வாயில எப்பவும் அணைஞ்ச புகையிலைச் சுங்கான். நான் போய் நிக்கும்போது கப்பித்தான் பின்பக்கம் சுக்கான்கிட்ட நிக்கிறார், தைக்கோங் முன்பக்கம் பாய்மரத்துக்கிட்ட நிக்கிறார். நடுவுல யாரும் இல்ல. அந்த எடம் எனக்குன்னே விட்டு வெச்ச மாதிரி இருந்துச்சு.

முதல்ல தைக்கோங்கிட்டப் போனேன். மலாயில கேட்டேன், ஐயாவுக்கு என்ன பிரச்சனைன்னு.

அவர் முன்பக்கத்தக் காட்டுனார். "இந்தக் கப்பலுக்கு ரெண்டு பக்கமும் கண்ணு வரைஞ்சிருந்துச்சு. எங்க கப்பலுக்கெல்லாம் கண்ணு இருக்கும். கண்ணு இருந்தாத்தான் கப்பல் வழி பாத்துப் போவும். போன மாசம் கப்பல் உடம்புக்குத் தார் அடிக்கும்போது அந்தாளு கண்ணு மேலயும் சேத்து அடிச்சிட்டான். கண்ணு வெச்ச கப்பல்ல சரக்கு ஏத்த மாட்டேன்னு எவனோ ஒரு வெள்ளைக்கார வியாபாரி சொன்னானாம். உடம்பு கப்பித்தானுது. பாயும் மரமும் என்னுது. குருட்டுக் கப்பலுக்கு நான் எதுக்குப் பாய் ஏத்தணும்? இந்த ஒரு தடவதான். திரும்பி வந்ததும் என் மரத்தப் புடுங்கிக்கிட்டுப் போறேன்னு அவன்கிட்டச் சொல்லு."

பாருங்க, எவ்வளவு பெரிய விஷயம். மரத்தப் புடுங்கிட்டா கப்பித்தானுக்கு என்ன மிச்சம்? கரி ஏத்துற தோணியா இழுத்துக்கிட்டுத் திரியலாம். பாய் மட்டும் வெச்சுக்கிட்டுத் தைக்கோங் என்ன பண்ணுவார்? துணி காயப்போடலாம். ரெண்டு பேருக்கும் அந்தக் கப்பல விட்டா வேற பொழப்பு இல்ல. எனக்கு மனசு கனத்துப் போச்சு. இத நாமதான் சரிபண்ணணும்னு அப்பவே தீர்மானம் பண்ணிட்டேன்.

கப்பித்தான்கிட்டப் போனேன். நல்ல போர்த்துகீசுல, மரியாதையாச் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது ஜெப வார்த்தைங்கறதால பேச்சு கொஞ்சம் உசத்தியாவே இருக்கும். "ஓ மகிமை பொருந்திய கப்பித்தானே, அந்த ஏழைப் பாவி பார்வை இழந்து அழுகிறான். தன் மரத்தைச் சுமந்துகொண்டு போகச் சித்தமாயிருக்கிறான்." இதுதான் நான் சொன்னதோட அர்த்தம்.

கப்பித்தான் என்னையே கொஞ்ச நேரம் பாத்தார். அப்புறம் எட்டி தைக்கோங்கப் பாத்தார். தைக்கோங் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். அவ்வளவு தூரத்துலேருந்து, தெரியாத பாஷையில, அவருக்கு என்ன கேட்டிருக்கும்? ஆனா தோள் குலுங்குச்சு. பாவம், மனசு உடைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்.

கப்பித்தான் தாடியத் தடவிக்கிட்டே போர்த்துகீசுல சொன்னார், "அந்தப் பிடிவாதக்காரன்கிட்டப் போய்ச் சொல்லு, கப்பல் மரக்கட்டையில செஞ்சது, மீன் இல்ல, அதுக்குக் கண்ணு வேண்டியதில்ல."

பிடிவாதக்காரனுக்கு மலாயில வார்த்தை எனக்குச் சட்டுன்னு வரல. நான் எல்லாத்தையும் சரக்கு வெச்சுத்தான் பேசிப் பழக்கம். "ஓ பழைய கொட்டப்பாக்கே, இது மரக்கடை, மீன் கடை இல்ல, இங்க கண்ணு விக்கிறதில்லன்னு கப்பித்தான் சொல்றார்"னு சொன்னேன். விஷயம் போய்ச் சேந்துடுச்சுன்னு முகத்துலயே தெரிஞ்சுது. அவர் வாயிலேருந்து சுங்கான் கீழ விழுந்துடுச்சு.

அப்படித்தான் கெளம்புனோம். ஒவ்வொரு உத்தரவுக்கும் நான் பின்னாடிக்கும் முன்னாடிக்கும் ஓடணும். காத்து வடக்கே திரும்புதுன்னு கப்பித்தான் சொன்னா, 'வடக்கேருந்து புதுச் சரக்கு எறங்குது'ம்பேன். பாய ரெண்டு மடிப்புக் கொறைன்னா, 'ரெண்டு மடிப்புத் தள்ளுபடி'ம்பேன். பாய் கிழிஞ்சிருக்குன்னு தைக்கோங் சொன்னா, கப்பித்தான்கிட்ட 'ஆலயத்தின் திரை இரண்டாகக் கிழிந்தது'ம்பேன். காலுல கொப்புளம் வந்துடுச்சு. ஆனா ஒரு தடவகூட வேலை தப்பா நடக்கல. அது எப்படித்தான் எனக்கு முன்னாடியே தைக்கோங் கயித்துல கை வெச்சிருப்பாரோ, நான் பாதி தூரம் வரும்போதே பாய் ஏறிடும். நல்ல துபாஷி இருந்தா அப்படித்தான். சொல்றதுக்கு முந்தியே புரிஞ்சிடும்.

போகப் போக ரெண்டு பேரும் எனக்கு நெறய சொல்லியனுப்ப ஆரம்பிச்சாங்க. மொதல்ல எல்லாம் ஒரு வரி, ரெண்டு வரி. அப்புறம் கப்பித்தான் ஒரு நாள் காலையில கூப்பிட்டு, "தைக்கோங்கிட்டச் சொல்லு, நான் ஒரு கனவு கண்டேன், அதுல மேற்றிராணியார் தன் தொப்பியக் கழட்டி நம்ம நடுப் பாய்மரத்துல மாட்டிட்டு, நனைஞ்ச காலுறைய கப்பல் மூக்குல காயப்போட்டார்"னு சொன்னார். நான் வேர்த்து விறுவிறுத்துப் போய் அத மலாயில சொன்னேன். மேற்றிராணியார்னா சாமியாருங்களுக்கெல்லாம் தலைவர், அதுக்கு மலாயில வார்த்தை தெரியாம 'மொத்த வியாபாரி'ன்னேன். தைக்கோங் விரல்ல ஏதோ எண்ணிப் பாத்தார். "அந்த மொத்த வியாபாரிக்குக் கால் எத்தனைன்னு கேளு" அப்படின்னார். போய்க் கேட்டேன். கப்பித்தான் தலையச் சுக்கான் கைப்பிடி மேல சாச்சுக்கிட்டார், நிமிரவே இல்ல. வயித்து வலியான்னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டுனார். கண்ணுல தண்ணி.

நான் நெனச்சேன், பாவம், ரெண்டு பேரும் பேசாம அடைச்சுக் கெடந்தாங்க, இப்பத்தான் ஒவ்வொண்ணா வெளிய வருது. துபாஷி வேலையில இதுதான் பெரிய புண்ணியம்.

லங்காவித் தீவுங்க பக்கம் வந்தோம். அங்க கடல்ல பாறை பாறையா நிக்கும், கோபுரம் கட்டி விட்ட மாதிரி. பகல் நேரம்தான், சோறு வடிச்சு எறக்குற நேரம். மேற்குலேருந்து ஒரு கருப்பு வந்துச்சு பாருங்க, சோத்துப் பானைய மூடுறதுக்குள்ள மேல வந்துடுச்சு. காத்து அறைஞ்சுது. கப்பல் ஒரேயடியாச் சாஞ்சுது. அரிசி மூட்டைங்க கீழ ஒரு பக்கமா உருளுற சத்தம் கேட்டுச்சு. பக்கத்துல பாறை. பாறையில மோதுற அலையோட தண்ணி என் மூஞ்சியில அடிச்சுது, அவ்வளவு கிட்ட.

எனக்குப் பயம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வேலைய விடல. நடுப் பாய்மரத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டு, "என்ன சொல்றீங்க, மெதுவாச் சொல்லுங்க, ஒருத்தர் ஒருத்தரா"ன்னு ரெண்டு பக்கமும் கத்துனேன்.

யாரும் என்னையக் கேக்கல. கப்பித்தான் பின்னாடிலேருந்து கத்துறார், தைக்கோங் முன்னாடிலேருந்து கத்துறார். பாதி போர்த்துகீசு, பாதி சீனம். வார்த்தைக்கு நடுவுல இடைவெளியே இல்ல. தைக்கோங் ஓடி வந்து, என்னையத் தூக்கி, ஆமாங்க, தூக்கி, கோழிக் கூடைங்களுக்கு நடுவுல வெச்சிட்டு, நான் கட்டிப் புடிச்சிருந்த மரத்தோட கயித்த அவுத்து விட்டார். நடுப் பாய் அத்தனையும் மடமடன்னு மடிஞ்சு எறங்கிடுச்சு. அதே நொடியில கப்பித்தான் சுக்கான ஒடிச்சுத் திருப்புனார். மேல எறங்க, கீழ திரும்ப, கப்பல் நிமிந்து அந்தப் பாறையத் தொட்டும் தொடாமத் தாண்டுச்சு. ஒருத்தர் கொஞ்சம் முந்தியிருந்தாலும், ஒருத்தர் கொஞ்சம் பிந்தியிருந்தாலும், இன்னிக்கு நான் உங்ககூட இங்க உக்காந்திருக்க மாட்டேன்.

காத்து அடங்குனதும் தைக்கோங் பின்னாடி போனார். அந்தப் பயணம் கெளம்புனதுலேருந்து அவர் அந்தப் பக்கம் போனதே இல்ல.  தைக்கோங் கப்பித்தான் கைய சுக்கான்லேருந்து எடுத்து விட்டுட்டு, தான் புடிச்சிக்கிட்டார். அப்புறம் போர்த்துகீசுல, என்னைய விட வேகமா, கப்பித்தான ஒரு வசவு வஞ்சார். ஜெபத்துல இல்லாத வார்த்தை. ஆனா அர்த்தம் தெரிஞ்சுது. கப்பித்தான் சீனத்துல ஏதோ திருப்பி வஞ்சார். சுக்கான விடாம ரெண்டு பேரும் அப்படியே தட்டு மேல உக்காந்துட்டாங்க, தோளோட தோள் ஒட்டி.

நான் கோழிக் கூடைங்களுக்கு நடுவுலேருந்து எந்திரிச்சுப் போய்க் கேட்டேன், "கப்பித்தான், இவருக்கு எப்ப போர்த்துகீசு வந்துச்சு?"

"பொறந்ததுலேருந்து" அப்படின்னார். "மக்காவுல ரெண்டு பேரும் ஒரே தெரு. எங்க அம்மா சமையல்கட்டுல சாப்பிட்டு வளந்தவன். கண்ணுக்குத் தார் அடிச்ச நாள்லேருந்துதான் எங்கிட்டப் பேசல."

இதக் கேட்டதும் மத்தவனா இருந்தா மனசு ஒடிஞ்சு போயிருப்பான். நான் நிதானமா யோசிச்சேன். தெரிஞ்சிருக்கலாம். ஆனா பழக்கம் விட்டுப் போச்சே. பேசாமக் கெடந்த பாஷை துருப்புடிச்சுப் போவும்ல? நான் முன்னாடியும் பின்னாடியும் ஓடி ஓடி, அத எண்ணெய் போட்டு வெச்சதாலதானே ஆபத்து நேரத்துல கடகடன்னு வந்துச்சு? நீங்களே சொல்லுங்க. இதச் சொன்னேன் அவங்ககிட்ட. ரெண்டு பேரும் மறுக்கல. தைக்கோங் என் தோளத் தட்டிக் கொடுத்து, "உண்மைதான், நீ இல்லன்னா நாங்க பேசியிருக்கவே மாட்டோம்"னார். இத நான் இட்டுக்கட்டல, அவரே சொன்னது.

ஆனா கண்ணு விஷயம் மட்டும் தீரல. தோங்காவுல எறங்கியும் அதே பேச்சு. தைக்கோங் கேக்குறார், கண்ணு வரையணும்னு. கப்பித்தானுக்கும் மனசு எளகிப் போச்சு, பாறையப் பாத்துட்டாரே. ஆனா வாய்விட்டுச் சொல்ல முடியல. "நான் கிறிஸ்தவன். என் கப்பலுக்குப் பொம்மைக் கண்ணு வெச்சா என்ன அர்த்தம்? வியாபாரி சொன்னத விடு. என் பங்குச் சாமியாருக்கு நான் என்ன பதில் சொல்றது?" அப்படின்னு தலையக் குனிஞ்சுக்கிட்டார். தைக்கோங்குக்கு மறுபடி முகம் இறுகுது. திரும்ப ரெண்டு மூலையிலயும் போய் நின்னுடுவாங்களோன்னு நான் நடுவுல போய் நின்னேன்.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. "கப்பித்தான், லூசியம்மாள் யாரு?"ன்னு கேட்டேன்.

எங்க கோயில்ல அந்தப் புனிதையோட சுரூபம் இருக்கு. கையில ஒரு தட்டு, தட்டுல ரெண்டு கண்ணு. கண்ணு நோவு வந்தா அவங்களுக்குத்தான் மெழுகுவத்தி ஏத்துவோம். கண்ணுக்கே பாதுகாவலி. "அந்தக் கண்ணு வரைஞ்சா என்ன பாவம்? தட்டு மட்டும் வேண்டாம், கப்பல்தான் தட்டு"ன்னேன்.

 கப்பித்தான் என்னையப் பாத்தார். இந்தத் தடவ தாடியத் தடவல, சும்மா பாத்தார். அப்புறம் தைக்கோங்கிட்ட அவங்க பாஷையில மெதுவாச் சொன்னார். தைக்கோங் கேட்டுட்டு, "அந்தம்மாவுக்கு வழி தெரியுமா?"ன்னு மலாயில எங்கிட்டயே கேட்டார். "தெரியாம எப்படி, கண்ணக் கையில வெச்சிருக்காங்க"ன்னேன்.

மறுநாள் கப்பித்தானே பலகையில உக்காந்து கப்பலோட மூக்குப் பக்கம் தொங்குனார். அந்தக் கனத்த உடம்பு. தைக்கோங் மேலேருந்து கயித்தப் புடிச்சிக்கிட்டு, "இன்னும் பெருசு, இன்னும் பெருசு"ங்கறார். கப்பித்தானுக்கு வரையத் தெரியல. இடது கண்ணு நல்லா வந்துச்சு. வலது கண்ணு பாதித் தூக்கத்துல இருக்குற மாதிரி ஆயிடுச்சு. தைக்கோங் அதப் பாத்துட்டு, சாம்பிராணி கொளுத்திக் கும்பிட்டார். கப்பித்தான் பக்கத்துல நின்னு சிலுவை போட்டார். நான் நடுவுல நின்னு ரெண்டும் செஞ்சேன், துபாஷி ஒரு பக்கம் சாயக் கூடாது.

வெள்ளீயம் ஏத்திக்கிட்டுப் பினாங்கு வந்து சேந்தோம். இங்கதான் என் மனக்குறை. துறைமுகத்துல எல்லாரும் கேக்குறாங்க, கண்ணு திரும்ப வந்துடுச்சேன்னு. ரெண்டு பேரும் 'லூசியம்மாள், லூசியம்மாள்'னு சொல்றாங்க. இது தைரியநாதன் சொன்ன யோசனைன்னு ஒருத்தர் வாயிலேருந்தாவது வரணுமே? வரல. மரைக்காயர்கிட்டப் போனேன். "முதலாளி, அடுத்த பயணத்துக்கும் நான் தயார்"ன்னேன்.

"அதான் இப்பப் பேசிக்கிறாங்களே தைரியம், இனி நீ எதுக்கு?" அப்படின்னார்.

"பேசுறாங்க முதலாளி. ஆனா புரிஞ்சுக்கிறாங்களான்னு யாரு பாக்குறது?"

"வெங்காயம் வந்து எறங்கியிருக்கு, போய் அதப் பாரு"ன்னுட்டார்.

போய்ப் பாத்தேன். என்ன பண்றது. ஆனா மனசு கடையில ஒட்டல. மூட்டைய எண்ணிக்கிட்டு இருக்கும்போதே காது துறைமுகத்துப் பக்கம் போவும். வெங்காயத்துக்கு யாரும் எதையும் சொல்லியனுப்புறதில்லையே. அப்புறம் ஊர்லேருந்து சின்னத் தங்கச்சிக்குக் கல்யாணம்னு சேதி வந்துச்சு. சரி, போய்ட்டு வருவோம்னு கெளம்பிட்டேன்.

இன்னிக்குக் காலையில, நீங்க ஏறுறதுக்குக் கொஞ்சம் முந்தி, ரெண்டு பேரும் ஒரு சம்பான் படகுல வந்தாங்க. சம்பான்காரன் அந்த ஏணிக்குக் கீழயே கட்டிட்டு நின்னான். கப்பித்தான் ஏறி வந்து, தொப்பியக் கழட்டிட்டு, போர்த்துகீசுல எங்கிட்டச் சொன்னார், "தைக்கோங்கிட்டச் சொல்லு, இந்தாளு இல்லாமக் கப்பல் ரொம்ப அமைதியா இருக்கு."

தைக்கோங் அவருக்குப் பக்கத்துலயேதான் நிக்கிறார். ஒரு முழம்கூட இருக்காது. போர்த்துகீசு புரிஞ்சவர். ஆனா திரும்பி என் மூஞ்சியத்தான் பாத்தார், நான் என்ன சொல்லப் போறேன்னு. சுங்கானக்கூட வாயிலேருந்து எடுத்துட்டார். நான் மலாயில சொன்னேன், "கப்பித்தான் கடையில சத்தமே இல்லையாம், வியாபாரம் மந்தமாம்."

அவர் முழுசாக் கேட்டார். தலையாட்டுனார். அப்புறம் மலாயில, "அமைதி நல்லதுதான். ஆனா ஒரு மாசத்துக்கு மேல தாங்காதுன்னு கப்பித்தான்கிட்டச் சொல்லு"ன்னார்.

கப்பித்தானும் அப்படியே திரும்பி நின்னார், தொப்பிய நெஞ்சுல வெச்சுக்கிட்டு, காது கொடுத்து. பின்னாடி ஆளுங்க மூட்டையத் தூக்கிக்கிட்டு ஏற வழி இல்லாமத் திட்டுறாங்க. அவர் அசையல.

எனக்குப் போர்த்துகீசுல அந்த வார்த்தைங்க ஒண்ணும் வரல.  ஜெபத்துலகூட எதுவும் ஞாபகம் வரல. ரெண்டு பேரும் காத்துக்கிட்டு நின்னாங்க, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும்.